தந்தி மூலை: சாயம் உரிந்த கிட்டாரும் அறுகிற தந்தியும்

கலியாண வீடுகளில் பைலா வாசிக்கும் குழுவில் கிட்டார் அடிக்கிறேன். ரொக் கிட்டார் கலைஞர் ரோரி கலஹரும் இப்படித்தான் தொடங்கினார் என்கிறார்களே, உண்மையா? சொந்தப் பாட்டுக்கு எப்படி வந்தார்?
– வாசகர், ஹட்டன்

உண்மைதான். 1948இல் அயர்லாந்தில் பிறந்து கோர்க் நகரில் வளர்ந்தவர், 15 வயதில் ஃபொன்டானா என்ற ஷோபேண்டில் சேர்ந்தார். ஷோபேண்ட் என்றால் உங்கள் குழு மாதிரிதான். ஆட வந்தவர்களுக்கு அன்றைக்கு ஓடுகிற பாட்டுகளை மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும்; சொந்தச் சரக்கை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் கைவேகமும் மேடைப் பழக்கமும் அங்கேதான் வந்தன.

1966இல் டேஸ்ட் என்ற மூவர் குழுவைத் தொடங்கினார். 1968இல் லண்டன் ரோயல் அல்பர்ட் ஹோலில் கிரீம் குழுவின் விடைபெறும் கச்சேரிக்கு முன்னால் வாசித்தது அந்தக் குழு. 1970 முடிவதற்குள் அது உடைந்தது. 1971இல் மட்டும் சொந்தப் பெயரில் இரண்டு இசைத்தட்டுகள்! 1974இன் 'ஐரிஷ் டூர்' பதிவைக் கேட்டால் மேடையில் அவர் எப்படி என்று தெரியும். பிரிட்டனில் சிங்கிள் (ஒற்றைப் பாட்டுத் தட்டு) வெளியிட மறுத்துப் பிடிவாதமாக நின்றார். அது அவருக்கு நட்டம் என்பதே எங்கள் எண்ணம்.

உங்களுக்கு ஒன்று: சொந்தப் பாட்டைச் சாப்பாட்டு நேரத்தில் நுழையுங்கள். ஆடுகிறவர்கள் அப்போது கோபிக்கமாட்டார்கள்.

ரோரியின் ஸ்ட்ரட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டார் போல வர, என் கிட்டாரைச் சாண்ட் பேப்பரால் தேய்க்கலாமா?
– வாசகர், தலவாக்கலை

வேண்டாம். அவருடையது 1961இல் செய்த கிட்டார். முதலில் வாங்கியவர் சிவப்பு நிறம் கேட்டிருந்தார், வந்தது சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி ஓரத்தில் கருகும் நிறம்). சிவப்பு வந்து சேர்ந்ததும் இதை விற்றுவிட, 1963இல் 100 பவுணுக்குக் கடனில் வாங்கினார் ரோரி. அதன்மேல் இருந்தது மெல்லிய நைட்ரோசெலுலோஸ் பூச்சு. அவருடைய வியர்வை அதைத் தின்றுவிட்டது. ஒருமுறை களவு போய், மழையில் கால்வாயோரம் கிடந்தும் இருக்கிறது. 2024 ஒக்டோபரில் லண்டனில் ஏலம் போன அந்தக் கிட்டார் அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கென்று வாங்கப்பட்டது.

இன்று மலிவாகக் கிடைப்பவற்றில் இருப்பது தடித்த பொலியெஸ்டர் பூச்சு. அது தேயாது, முட்டை ஓடு மாதிரிச் சில்லுச் சில்லாகப் பெயரும். வெறும் மரம் தெரிந்தால் தலவாக்கலைப் பனியை அது உறிஞ்சும்.

பனிக்காலத்தில் தந்தி துருப்பிடிக்கிறது, சில ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகள்) இரைகிறது. என்ன செய்வது?
– வாசகர், நுவரெலியா

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் பெட்டிக்குள் போடுங்கள். சுவரில் மாட்டாதீர்கள், லயன் வீட்டுச் சுவர் ஈரம் நேரே ஏறும்.

இரைச்சலுக்கு முதலில் கழுத்து வளைவைப் பாருங்கள். 6ஆம் தந்தியை (மிகத் தடித்தது) முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்தினால், 7ஆவதுக்கு மேலே ஏறக்குறைய 0.25 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒரு விசிட்டிங் கார்ட் நுழைகிற அளவு. இடைவெளியே இல்லையென்றால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ரொட் என்ற கம்பியைக் கால் சுற்று இடப்பக்கம் தளர்த்தி, சில மணிநேரம் விட்டுப் பாருங்கள். அளவு சரியில்லாத அலன் சாவி போட்டால் ரொட்டின் தலை மழுங்கும், பிறகு யாராலும் திருப்ப முடியாது.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் ரோரி இருந்தாரா?
– வாசகி, பதுளை

இல்லை. அவர்களுடைய கிட்டார் கலைஞர் மிக் டெய்லர் விலகிய பின் 1975 ஜனவரியில் ரொட்டர்டாமுக்கு அழைத்தார்கள். சில நாள் கூட வாசித்தார். ஜப்பான் கச்சேரிகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவை என்பதால் போய்விட்டார். 1995 ஜனவரியில் அவருடைய கடைசிக் கச்சேரியும் அதே ஊரில்தான்.

ஸ்லைடுக்காக (விரலில் குழாய் மாட்டித் தந்திமேல் வழுக்கி வாசிப்பது) ஓபன் ஏ சுருதி வைத்தால் தந்தி அறுகிறது.
– வாசகர், பண்டாரவளை

ஓபன் ஏயில், அதாவது விரல் வைக்காமலே ஏ மேஜர் ஒலிக்கும் சுருதியில், 4, 3, 2ஆம் தந்திகளை இரண்டு அரைச்சுரம் ஏற்றுகிறீர்கள். இழுவிசை கூடி அறுகிறது. அறுந்த இடம் காரணம் சொல்லும்: பிரிட்ஜில் (உடல்பக்கத் தந்திதாங்கி) என்றால் அங்கே பிசிறு இருக்கிறது, நட்டில் (தலைப்பக்கத் தந்திக்கட்டை) என்றால் வெட்டு இறுக்கம், பென்சில் கரியைப் பூசுங்கள்.

ஏற்றுவதை விட இறக்குவது நல்லது. 6, 5, 1ஆம் தந்திகளை இரண்டு அரைச்சுரம் இறக்கினால் ஓபன் ஜி. 2ஆவது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்தும் கவ்வி) போட்டால் அதுவே ஓபன் ஏ.

ஸ்லைடைச் சுண்டுவிரலில் போட்டு ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே வையுங்கள், அழுத்தாதீர்கள். 'டக்' என்று அடித்தால் தந்தி மிகத் தாழ்வாக இருக்கிறது. ஸ்லைடுக்குப் பின்னால் சுட்டுவிரல் தந்திகளை லேசாகத் தொட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் தனியாக முனகும். 12 பார் (தாளக்கட்டு) புளூஸுக்குத் திறந்த தந்தி, 5, 7 ஆகிய மூன்று இடமே போதும். கேப்போவிலிருந்துதான் எண்ண வேண்டும். கழுத்துப் புள்ளிகளைப் பார்த்து 5இல் வைத்தால் சுருதி தப்பும், நீங்கள் போக வேண்டியது 7இலும் 9இலும்.