ஞாயிற்றுக்கிழமை இருக்கும் விசுவாசம் திங்கட்கிழமை ஏன் காணாமல் போகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஆராதனையில் மனம் உருகுகிறது. மறுநாள் வேலைக்குப் போனதும் நானும் எல்லாரையும் போலத்தான் இருக்கிறேன். கிறிஸ்தவ விசுவாசத்தை அன்றாட வாழ்க்கையில் எப்படி வாழ்வது? அதை வெளியே காட்டிக்கொண்டால் கேலி செய்வார்களே?"

இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், வேதம் வாசியுங்கள் என்று பலர் சொல்வார்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் அது உங்களை மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைக்கே அனுப்பிவிடுகிறது. நீங்கள் கேட்டதோ திங்கட்கிழமையைப் பற்றி.

லூக்கா 3ஆம் அதிகாரத்தில் இதே கேள்வி வருகிறது. யோவான் ஸ்நானகனின் பிரசங்கத்தைக் கேட்டவர்கள், "அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்கிறார்கள். மூன்று கூட்டத்தார் கேட்கிறார்கள். மூவருக்கும் வேறு வேறு பதில். பொதுஜனத்திடம், இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு என்கிறார். ஆயக்காரரிடம், விதித்ததற்கு மேல் வசூலிக்காதே என்கிறார். போர்ச்சேவகரிடம், யாரையும் மிரட்டாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு என்கிறார்.

ஆயக்காரரை வேலையை விட்டுவிடும்படி அவர் சொல்லவில்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். வரி வசூலைக் குத்தகைக்கு விடும் காலம் அது. கட்டவேண்டியதற்கு மேல் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவும் வசூலிப்பவன் பைக்குள் போகும். ஊரே அவர்களைத் துரோகி என்று ஒதுக்கியிருந்தது. யோவானோ அந்தத் தொழிலில் எந்தத் தப்பு கைக்குச் சுலபமாக வருமோ, நேராக அதன் மேல் விரலை வைக்கிறார். சேவகனிடம் வரியைப் பற்றிப் பேசவில்லை, ஆயக்காரனிடம் வாளைப் பற்றிப் பேசவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் வேலைக்கென்றே இருக்கும் சபலம் எது என்று கண்டுபிடியுங்கள். உங்கள் விசுவாசத்துக்கு முதல் வேலை அங்கேதான். ஆசிரியருக்கு அது பிடித்த மாணவனிடம் காட்டும் சலுகையாக இருக்கலாம். விற்பனையாளருக்கு, வாடிக்கையாளரிடம் வேண்டுமென்றே சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரி. மேலாளருக்கு, கீழே இருப்பவன் யோசனையைத் தன் பெயரில் மேலே அனுப்புவது. உங்களுடையது எது என்று வெளியாள் சொல்ல முடியாது. பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால் ஒருவேளை உடனே சொல்லிவிடுவார்.

என்னுடையதைச் சொல்கிறேன். எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. யாருக்குப் பணம் முதலில் போகவேண்டும் என்ற பட்டியல் என் மேஜையிலிருந்துதான் கிளம்பும். மாதக் கடைசியில் கையிருப்பு இறுக்கமாக இருக்கும்போது எல்லாருக்கும் கொடுக்க முடியாது. பெரிய நிறுவனத்துப் பில் தாமதமானால் வக்கீல் நோட்டீஸ் வரும், சரக்கு நிற்கும். தனி ஆளாக வந்து சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டுப் போனவருடைய பில் தாமதமானால் ஒன்றும் ஆகாது. அவர் போன் மட்டும்தான் செய்வார். அதுவும் "தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார்" என்றுதான் ஆரம்பிப்பார். காத்திருப்பது யார் என்று தானாகவே முடிவாகிவிடும், யாரும் கெட்டவராக இருக்கத் தேவையே இல்லை.

இந்த இடத்தைப் பற்றி வேதம் ரொம்பவே வெளிப்படையாகப் பேசுகிறது. கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. உபாகமம் 24:15 காரணத்தையும் சொல்கிறது: அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான், பொழுது போகுமுன் கொடுத்துவிடு. யாக்கோபு 5:4இல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய காதுக்கு எட்டுகிறது. இந்த வசனங்களைத் தெரிந்துகொண்டே அந்தப் பட்டியலைப் போட உட்காருவது கொஞ்சம் சங்கடமான காரியம். அந்தச் சங்கடம் இருக்கட்டும் என்றுதான் விட்டு வைத்திருக்கிறேன்.

நான் செய்வது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. தனி ஆட்களின் சிறிய பில்களைப் பட்டியலின் மேலே வைக்கிறேன். மொத்தத்தில் அவை சிறு தொகைதான், ஆனால் அந்த வீடுகளுக்கு அதுதான் அந்த மாதம். சில மாதங்களில் மேலே இருப்பவர் அடித்துவிடுவார். அப்போது போன் வந்தால், "செக் கையெழுத்துக்குப் போயிருக்கு" என்ற புகழ்பெற்ற பொய்யை நான் சொல்வதில்லை. "இந்த மாதப் பட்டியலில் சேரவில்லை, அடுத்த மாதம் மறுபடி வைக்கிறேன்" என்று உள்ளதைச் சொல்கிறேன். கேட்பவருக்கு இது இனிப்பான செய்தி இல்லைதான். ஆனால் வேறு எங்கே கடன் கேட்கலாம் என்று அவர் யோசிக்கவாவது அவகாசம் கிடைக்கிறது. பொய் சொன்னால் அதுவும் கிடையாது.

பேச்சு விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வியாபாரிகள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்ற இயேசுவின் வார்த்தையை (மத்தேயு 5:37) அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. அதே வசனத்தைக் கடைக்குள்ளும் கொண்டுபோனார்கள். பேரம் பேசுவது சகஜமாக இருந்த காலத்தில் பொருளுக்கு ஒரே விலை சொன்னார்கள். ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்டுவிட்டுப் பாதிக்கு இறங்கினால், முதலில் சொன்னது பொய்தானே என்பது அவர்கள் வாதம். ஆரம்பத்தில் ஆட்கள் விலகிப் போனார்கள். பிறகு, சிறு பிள்ளையை அனுப்பினாலும் அதே விலைதான் என்று தெரிந்ததும் தேடி வந்தார்கள். இப்போது விலைச்சீட்டு ஒட்டிய பொருளை எடுக்கும்போது நாம் யாரும் மத்தேயுவை நினைப்பதில்லை!

சரி, வேலையிடத்தில் இப்படி. வீடு?

வீடுதான் கடினம். இங்கே சபை வேலைகளில் ஓடியாடித் திரியும் நம் போன்றவர்களுக்கு மாற்கு 7ஆம் அதிகாரத்தைச் சிபாரிசு செய்கிறேன். தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதை, "இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கை" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கும் வழக்கத்தை இயேசு அங்கே கடுமையாகக் கண்டிக்கிறார். பக்தியைக் காரணம் காட்டிக் கடமையிலிருந்து நழுவலாம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஜெபக்கூட்டத்துக்கு நேரம் இருக்கிறது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நேரம் இல்லை என்றால் அதுவும் கொர்பான்தான். சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதைவிட நான் காரமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டன் 1748இல் கடற்புயலில் சிக்கித் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அவருடைய மனமாற்றம் பலருக்கும் தெரிந்த கதை. பலருக்குத் தெரியாதது, அதற்குப் பிறகும் அவர் அடிமைக் கப்பல்களில் போனார் என்பது. கப்பல் தலைவராகவே போனார். கப்பலில் ஜெபித்தார், வேதம் வாசித்தார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். 1754இல் அவர் கடலை விட்டதற்குக் காரணம் உடல்நலக் குறைவு. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து வெளிப்படையாக எழுதியது 1788இல். மனமாற்றத்திலிருந்து நாற்பது வருடம்!

அவர் போலி பக்தர் என்று நான் நினைக்கவில்லை. சுற்றியிருந்த எல்லாரும் சாதாரணம் என்று எடுத்துக்கொண்டதை அவரும் சாதாரணமாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதனால்தான் பயம். அதே நூற்றாண்டில் அமெரிக்காவில் ஜான் உல்மன் என்ற குவேக்கர் இருந்தார். இளவயதில், முதலாளி சொன்னதால் ஓர் அடிமைப் பெண்ணின் விற்பனைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார், மனம் உறுத்தியது. பிறகு, அடிமைகளை வாரிசுகளுக்கு எழுதிவைக்கும் உயில்களை எழுதித் தர மறுத்தார். எழுத்து வேலைக்குக் கூலி போனது. பெரிய மேடை எதுவும் இல்லை, மேஜையும் பேனாவும்தான். என்னைப் போல மேஜை வேலை பார்ப்பவனுக்கு உல்மன்தான் பக்கத்தில் நிற்கிற ஆள்.

ஜெபத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அதற்கு நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. நீண்ட நேரம் கிடைக்காவிட்டால், அன்று நீங்கள் சந்திக்கப்போகிறவர்களின் பெயர்களைச் சொல்லி ஒரு நிமிடம் ஜெபியுங்கள். குறிப்பாக, பார்த்தாலே எரிச்சல் வருகிறவரின் பெயரை. காலையில் பெயர் சொல்லி ஜெபித்த ஆளிடம் பத்து மணிக்கு எரிந்து விழுவது கொஞ்சம் கஷ்டம். முடியாது என்று சொல்லவில்லை.

கடைசியாக, கேலி. வசனத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதைத்தான் பலர் சாட்சி என்று நினைக்கிறார்கள். போடுங்கள், தப்பில்லை. ஆனால் கேலி பெரும்பாலும் ஸ்டேட்டஸுக்கும் நடத்தைக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் வருகிறது. விசுவாசத்தைப் பற்றி நீங்களாக அறிவிப்பு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 1 பேதுரு 3:15 சொல்வதும், உங்களிடம் காரணம் கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான். யாராவது "ஏன் இந்தச் சின்ன பில்லுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறாய்?" என்று கேட்டால், நான் வேதத்தில் படித்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லுவேன். மேலே கேட்டால் மேலே சொல்லுவேன். சிரித்தால் நானும் கூடச் சிரித்துவிட்டு அடுத்த பில்லை எடுப்பேன்.