அந்த ஸ்டென்ட் அட்டையைத் தேடி எடுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. நான்கு வருடங்களுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு மாதமாக மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்கிறார்; உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. மறுபடியும் ஆஞ்சியோவா என்று பயப்படுகிறார். புதிய ஹை ரெசல்யூஷன் சிடி ஸ்கேனிலேயே ஸ்டென்டுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடுமாமே, அது போதுமா?

பதில்: ஸ்கேன் பிறகு. முதலில் அப்பாவை நாளைக்கே இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்குப் புதிதாக நெஞ்சழுத்தம் வந்தால் தள்ளிப்போடக் கூடாது. சும்மா இருக்கும்போதே அழுத்தினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108-ஐ அழையுங்கள். மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்டென்ட் வைத்தபோது ஒரு சிறிய அட்டை கொடுத்திருப்பார்கள். அதில் 3.0 x 18 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஸ்டென்டின் விட்டம், அடுத்தது நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். நமக்கு வேண்டியது முதல் எண். அது 3 அல்லது அதற்கு மேல் என்றால் நல்ல சிடி கருவியில் உள்ளே பார்க்க முடியும். 2.5 என்றால் சாதாரண சிடியை நம்பி முடிவெடுக்க நான் தயங்குவேன்.

காரணம் உலோகம். ஸ்டென்ட் என்பது மெல்லிய உலோகக் கம்பியால் ஆன வலைக்குழாய். கண்ணாடி போடாமல் தெருவிளக்கைப் பார்த்தால் விளக்கைவிடப் பெரிதாக ஒரு ஒளிவட்டம் தெரியுமே, அதேபோல் சிடி படத்தில் ஸ்டென்டின் கம்பி இருப்பதைவிடப் பல மடங்கு தடிமனாகத் தெரியும். இன்றைய ஸ்டென்ட் கம்பி 0.1 மி.மீ.க்கும் மெல்லியது, வழக்கமான சிடி பிரித்துக் காட்டுவதோ சுமார் 0.5 மி.மீ. வரைதான். அந்த வட்டம் உள்பக்கமும் பரவுவதால், நன்றாகத் திறந்திருக்கும் குழாய்கூடச் சுருங்கியது போலத் தோன்றும். அதனால் சிடியில் ஸ்டென்ட் தெளிவாகத் தெரிந்து உள்ளே சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். 'அடைப்பு' என்று ரிப்போர்ட் வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

நீங்கள் கேள்விப்பட்ட புதிய ஸ்கேன், எக்ஸ்ரே துகள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் படமாக்கும் போட்டான் கவுண்டிங் சிடியாக இருக்கலாம். அமெரிக்காவில் 2021-ல் அனுமதி கிடைத்த அது சுமார் 0.2 மி.மீ. வரை பிரித்துக் காட்டும். ஒளிவட்டம் கணிசமாகக் குறையும், சிறிய ஸ்டென்டுகளிலும் உள்ளே பார்க்கும் வாய்ப்பு கூடும். உண்மையிலேயே பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்தக் கருவி எல்லா ஊரிலும் இல்லை. ஸ்கேன் சென்டரில் '128 ஸ்லைஸ்', '256 ஸ்லைஸ்' என்று சொல்வதை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு சுற்றில் எத்தனை அடுக்குப் படம் கிடைக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது; எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதை அல்ல.

சிடி எடுப்பதென்றால் நாடித்துடிப்பு 60-ஐ ஒட்டி இருப்பது நல்லது, அதற்கு மாத்திரை கொடுப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம், முன்பே சொல்லிவிடுங்கள். ரத்தக்குழாய் படத்தில் தெரியச் சாயம் செலுத்துவதால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் தேவை.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை, நடந்தால் வந்து உட்கார்ந்தால் போகும் அழுத்தம் என்பதால் அடைப்பு இருக்குமோ என்ற சந்தேகம் எனக்குப் பலமாகவே இருக்கிறது. நேரடியாக ஆஞ்சியோ செய்யலாம் என்று அவருடைய மருத்துவர் சொன்னால், தயவுசெய்து அதற்கு சம்மதியுங்கள். அடைப்பு இருந்தால் பல நேரங்களில் அப்போதே சரிசெய்துவிடலாம், இரண்டு முறை சாயம் ஏற்ற வேண்டியதில்லை. வலிக்குக் காரணம் ஸ்டென்டாக இல்லாமல் வேறொரு குழாயில் வந்த புது அடைப்பாக இருந்தாலும் அதிலேயே தெரியும்.

அட்டை தொலைந்திருந்தால் அப்போதைய டிஸ்சார்ஜ் சம்மரியில் அளவு இருக்கும். அதையும் பழைய ஆஞ்சியோ பதிவையும் கையோடு கொண்டுபோங்கள். அப்புறம், போன முறை ஆஞ்சியோவைத் தொடை வழியாகச் செய்திருந்தால், இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகத்தான் செய்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். முடிந்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நடக்கலாம்.