ஐந்தாம் வகுப்பு வரை கணக்கில் கெட்டியாக இருந்த பிள்ளை, பின்னமும் குறை எண்ணும் வந்ததும் ஏன் தடுமாறுகிறது?

ஐந்தாம் வகுப்பு வரை முழு மதிப்பெண் வாங்கிய மகள், இப்போது ஏழாம் வகுப்பில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள், −3 − 5 போடச் சொன்னால் 8 என்கிறாள். எங்கே தொடங்குவது, தினம் பத்துக் கணக்கு கொடுத்துப் பழக்கலாமா என்கிறீர்கள். காரணம் கவனக்குறைவா, பயிற்சி போதவில்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை.

ஐந்து வருடம் உண்மையாக இருந்த விதிகளை அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். பெருக்கினால் கூடும். வகுத்தால் குறையும். கழித்தாலும் குறையும். இலக்கம் பெரிதானால் எண்ணும் பெரிது. எண்ணிப் பார்க்கிற எண்களோடு இருந்தவரை இவை அவளைக் கைவிட்டதே இல்லை. நடுநிலை வகுப்புக்கு வந்ததும் எண் என்ற சொல்லின் பொருளே விரிந்துவிடுகிறது. ‘இனி அந்த விதிகள் எல்லா இடத்திலும் செல்லாது’ என்று நாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நேராக அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

முதலில் அந்த 2/5. அதைச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “2/5 பெரிதா, அரை பெரிதா?” ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவு என்று அவளே சொல்வாள். “அப்படியென்றால் அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், எப்படி அரையைவிடக் குறைந்தது?” இங்கே பிள்ளைகள் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனத்தை அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள். வேலை அப்போதுதான் நடக்கிறது.

அடுத்து, அரையும் காலும் சேர்ந்தால் என்ன என்று கேளுங்கள். முக்கால் என்பாள், யோசிக்காமலே. அரை என்பது இரண்டு கால், அதோடு ஒரு கால், ஆக மூன்று கால். பகுதியை, அதாவது கீழே உள்ள எண்ணை, சமமாக்கிக் கூட்டுவது என்று புத்தகம் இரண்டு பக்கம் விளக்குகிற வேலையை அவள் வாயால் செய்துவிட்டாள். முக்கால் என்ற சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது: ‘மு’ எத்தனை என்று சொல்கிறது, ‘கால்’ எதை எண்ணுகிறோம் என்று சொல்கிறது. மேலே உள்ள தொகுதி எண்ணிக்கை, கீழே உள்ள பகுதி அதன் பெயர். 3 மீட்டரையும் 5 சென்டிமீட்டரையும் கூட்டி 8 என்றால், எட்டு என்ன என்று கேட்போம் இல்லையா? அரையையும் மூன்றில் ஒன்றையும் அப்படியே கூட்டுவதும் அதே தப்புதான். இரண்டையும் ஆறில் பங்காக மாற்றினால் 3/6, 2/6. இப்போது பெயர் ஒன்று, எண்ணிக்கையைக் கூட்டலாம், 5/6.

பெருக்கலுக்கும் நம் மொழி கைகொடுக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது 1/2 × 1/4 = 1/8. பெருக்கினோம், ஆனால் குறைந்துவிட்டது. இதைச் சொல்லிக் கொடுத்தபோது ஒரு பிள்ளை “அப்போ பெருக்கல்னா ‘அதில் இவ்வளவு’ன்னு அர்த்தமா?” என்று கேட்டாள். அதுதான், அவ்வளவேதான். பழைய கணக்கில் மாகாணி (1/16), முந்திரி (1/320) வரைக்கும் பெயர்கள் உண்டு. பின்னத்தை மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று பாராமல், ஒரே அளவாகவே பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் என்று எனக்குத் தோன்றும்.

வகுத்தலில்தான் நான் ஆரம்பத்தில் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்தேன். ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒரு பையன் எழுந்து, “ஏன் டீச்சர் ரெண்டாவதை மட்டும் தலைகீழாக்கணும்?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு உட்கார்ந்து யோசித்துத்தான் பிள்ளைகளுக்கு ஏற்ற பதிலைக் கண்டுபிடித்தேன். வகுத்தல் என்றால் ‘இதற்குள் அது எத்தனை தடவை’ என்று கேட்பது. 3 ÷ 1/2 என்றால் மூன்றுக்குள் எத்தனை அரை? ஆறு. சரி, 1 ÷ 2/3? ஒரு தாள் பட்டையை மூன்றாக மடியுங்கள். இரண்டு மடிப்பு சேர்ந்தால் ஒரு 2/3. மீதி ஒரு மடிப்பு இருக்கிறது, அது இன்னொரு 2/3-இல் பாதி. ஆக ஒன்றுக்குள் ஒன்றரைத் தடவை, அதாவது 3/2. ஒன்றுக்குள் ஒன்றரைத் தடவை என்றால் நான்குக்குள் அதைப்போல நான்கு மடங்கு, 4 × 3/2 = 6. தலைகீழி எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறது. ‘ஒன்றுக்குள் அது எத்தனை தடவை’ என்பதுதான் தலைகீழி. வகுக்கப்படும் எண்ணை ஏன் தொடுவதில்லை என்பதற்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

குறை எண்ணுக்கு வருவோம். −3 − 5 = 8 என்ற விடைக்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: ‘மைனஸ் மைனஸ் ப்ளஸ்’ என்ற மந்திரம். அது பெருக்கலுக்கு, அல்லது ஒரு குறை எண்ணைக் கழிக்கும்போது. இங்கே அப்படி எதுவும் இல்லை. எண்கோட்டில் −3-இல் நிற்கிறோம், இன்னும் ஐந்து அடி இடப்பக்கம் போகிறோம், −8. அந்த மந்திரத்தைக் கொஞ்ச நாள் வீட்டில் யாரும் உச்சரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

3 − (−2) ஏன் 5 என்று விளக்க, அவளையே ஒரு வரிசை எழுதச் சொல்லுங்கள்: 3 − 2 = 1, 3 − 1 = 2, 3 − 0 = 3. அடுத்த வரி 3 − (−1). வலப்பக்கம் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வருவதைப் பார்த்துவிட்டு 4 என்று அவளே எழுதுவாள். குறை எண்கள் இரண்டைப் பெருக்கினால் ஏன் மிகை என்பதற்கும் நான் மந்திரம் சொல்வதில்லை. −3 × (2 + (−2)) என்பது −3 × 0, அது சுழி. பிரித்துப் பெருக்கினால் முதல் துண்டு −6. மொத்தம் சுழியாக வேண்டும் என்றால் இரண்டாவது துண்டான −3 × −2 வேறென்னவாக இருக்க முடியும்? +6 மட்டும்தான்.

பிள்ளை குழம்பினால் பயப்படாதீர்கள். 628-இல் பிரம்மகுப்தர் குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைச் செல்வம் என்றும் வைத்து, இரண்டு கடன்களின் பெருக்கற்பலன் செல்வம் என்று விதியே எழுதிவிட்டார். அதற்கு ஆயிரம் வருடங்களுக்குப் பிறகும், 1758-இல், பிரான்சிஸ் மசேரஸ் என்ற ஆங்கிலேயர் குறை எண்களின் பயன்பாட்டை எதிர்த்து ஒரு தனி நூலே வெளியிட்டார். பெரிய அறிஞர்களே ஏற்கத் தயங்கிய ஒன்றை நாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இரண்டு வாரத்தில் எதிர்பார்க்கிறோம்.

தரவுப் பாடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதை விட்டுவிடாதீர்கள். சுலபமாக மதிப்பெண் வரும் என்று பலரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். குறை எண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் எனக்குத் தெரியாது. 2, 3, 3, 4, 38 என்ற ஐந்து எண்களை எடுங்கள். கூட்டினால் 50, சராசரி 10. ஒவ்வோர் எண்ணும் பத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள்: −8, −7, −7, −6, +28. கூட்டினால் சுழி. எந்த எண்களை எடுத்தாலும் சுழிதான் வரும். மேடும் பள்ளமும் நிரவிப்போகிற மட்டம்தான் சராசரி. இந்த ஐந்தில் ஒன்றுகூடப் பத்துக்குப் பக்கத்தில் இல்லை என்பதையும் அவள் கவனிக்கட்டும். நடுவில் நிற்கும் 3, அதாவது இடைநிலை அளவு, இங்கே நிலவரத்தை நன்றாகச் சொல்கிறது. பட்டை வரைபடம் வரைந்தால் செங்குத்துக் கோடு சுழியில் தொடங்கட்டும். 48, 50 என்ற இரண்டையும் 46-இல் தொடங்கி வரைந்தால் ஒரு பட்டை மற்றதைப்போல இரு மடங்கு உயரமாகத் தெரியும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். இன்றைக்கே −3 முதல் 3 வரை ஓர் எண்கோடு வரைந்து கொடுத்து, 3/4, 5/4, −1/2, −3/4, −1½ ஐந்தையும் குறிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டாம், பார்த்தால் போதும். 5/4-ஐ ஒன்றுக்கு இடப்பக்கம் வைத்தால், பின்னம் என்றாலே ஒன்றைவிடச் சிறியது என்று நினைக்கிறாள். தாள் மடிப்பிலிருந்து தொடங்குங்கள். −3/4-ஐ −1/2-க்கு வலப்பக்கம் வைத்தாலோ, −1½-ஐ −1-க்கும் சுழிக்கும் நடுவில் வைத்தாலோ, சுழிக்கு இடப்புறம் வரிசை எப்படி ஓடுகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. குறை எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஐந்தையும் சரியாக வைத்துவிட்டால் எண்கள் அவளுக்குப் புரிந்திருக்கின்றன, செய்முறைதான் பழகவில்லை. அப்போது நீங்கள் சொன்ன அந்தப் பயிற்சி, தினம் பத்துக் கணக்கு, உண்மையிலேயே பலன் தரும்.