கார்ப் பந்தய வீரர் எமர்சன் ஃபிட்டிபால்டி 1993-இல் ஜெயித்தும் ரசிகர்கள் கூச்சலிட்டது ஏன்?

எல்லாம் ஒரு பாட்டில் ஆரஞ்சுச் சாற்றால் வந்த வினை. அமெரிக்காவின் பெரிய கார்ப் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-இல் (சுருக்கமாக இண்டி) ஜெயித்தவர் பால் குடிப்பது பல காலச் சடங்கு. பிரேசிலில் சொந்தமாக ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ஃபிட்டிபால்டி, அதை விளம்பரப்படுத்த முதலில் சாற்றைக் குடித்தார். பிறகு பாலையும் ஒரு வாய் குடித்தார். ஆனால் கோபம் தணியவில்லை. அடுத்த பந்தயம் மில்வாக்கியில், அதாவது பால் பண்ணைகளின் மாநிலமான விஸ்கான்சினில்! அங்கே கூச்சல் எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சாதனைகளில் குறையே இல்லை. 1972-இல் லோட்டஸ் காரில், 25 வயதில், ஃபார்முலா ஒன் என்ற உலக கார்ப் பந்தயத் தொடரின் சாம்பியன். அந்த இளவயதுச் சாதனையை முறியடிக்க 2005-இல் ஸ்பெயின் வீரர் அலோன்சோ வரவேண்டியிருந்தது. 1974-இல் மெக்லாரனில் மறுபடியும் பட்டம். 1976-இல் அண்ணன் வில்சனின் கோப்பர்சூக்கர் அணிக்குப் போனதுதான் சறுக்கல். 1980-இல் ஃபார்முலா ஒன்னிலிருந்து விலகும்வரை ஒரு வெற்றிகூட இல்லை. என் கணக்கில் அது பாசம் எடுத்த முடிவு.

அமெரிக்காவில் மறுவாழ்வு கிடைத்தது. 1989 இண்டியில், முடிய இரண்டே சுற்று இருக்கையில் அல் அன்சர் ஜூனியரின் காரோடு சக்கரம் உரசியது. அன்சர் சுவரில் மோதினார், இவர் ஜெயித்தார். அதே ஆண்டு கார்ட் எனும் அமெரிக்க இண்டிகார் பந்தயத் தொடரின் பட்டமும் இவருக்கே. 1996 மிச்சிகன் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்ததோடு இண்டிகார் வாழ்க்கை முடிந்தது. இண்டி வெற்றியாளர்களின் முகங்கள் பதிக்கப்படும் போர்க்-வார்னர் கோப்பையில் அவர் முகம் இரண்டு இடத்தில் இருக்கிறது.