நமக்குப் பொருந்தும் ட்ரெய்னர் யார்? மலையகத்து நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஹட்டனிலும் நுவரெலியாவிலுமாகப் பதினொரு வருடங்களாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து வருகிறேன். ட்ரெய்னரைத் தேடுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, டவுனில் ரெண்டு பேரைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒருவருக்கு நல்ல கட்டுமஸ்தான உடம்பு, போட்டிகளில் கப் எல்லாம் வாங்கியிருக்கிறார். மற்றவர் சாதாரணமாகத்தான் இருக்கிறார். யாரிடம் போவது? (ஹட்டன்)

தம்பி, அது அவர் தனக்காக உழைத்து எடுத்த உடம்பு. உங்கள் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ரெண்டு ஜிம்முக்கும் பின்னேரம் போய் ஒரு மணித்தியாலம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் பாரம் தூக்கும்போது ட்ரெய்னரின் கண் எங்கே இருக்கிறது? ஃபோனிலா, தூக்குகிறவரின் முதுகிலா? நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் மூன்று வருடம் வருகிறவருக்கும் ஒரே பயிற்சியா?

பிறகு பேச்சுக் கொடுங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், எங்காவது அடிபட்டிருக்கிறதா, மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா, இதையெல்லாம் அவராகவே கேட்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் "வாங்க தம்பி, தொடங்குவோம்" என்கிறவரிடம் என் சொந்தத் தம்பியை நான் அனுப்ப மாட்டேன்.

எனக்கு 22 வயதில் நடந்தது இது. சேர்ந்த முதல் நாளே தோளில் பாரை வைத்து உட்கார்ந்து எழும்பச் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்து தண்ணிக் குடமும் விறகுக் கட்டும் தூக்கி எனக்கு இடுப்பில் ஏற்கெனவே நோவு இருந்தது. யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மூன்று கிழமை குனிய முடியாமல் கிடந்தேன். இன்றைக்கும் புதிதாக வருகிறவருடன் அரை மணித்தியாலம் பேசாமல் கையில் எதையும் கொடுக்க எனக்கு மனம் வராது.

சான்றிதழ் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா? எதைப் பார்த்து நம்புவது? (கம்பளை)

கோபித்தால் அதுவே பதில். நம் இலங்கையில் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை முறையில் 7 மட்டங்கள் இருக்கின்றன. 4 வரைக்கும் தொழில் சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். எந்த மட்டம், எந்தத் துறையில் எடுத்தது என்று ரெண்டையும் பாருங்கள். ஏ.சி.ஈ., என்.ஏ.எஸ்.எம். போன்ற அமெரிக்கச் சான்றிதழ்களை ரெண்டு வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், ஆகவே திகதியைப் பாருங்கள். முதலுதவியும், இதயம் நின்றுபோனால் நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் சி.பி.ஆரும் தெரியுமா என்று கட்டாயம் கேளுங்கள். வார இறுதி வகுப்பு ஒன்றில் கொடுத்த அழகான தாளை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பவர்களும் உண்டு.

அம்மாவுக்கு 46 வயது. தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். கழுத்தும் தோளும் எப்போதும் நோவு. ட்ரெய்னரிடம் கூட்டிப் போகலாமா என்று கேட்டால், "நாள் முழுக்க மலை ஏறி இறங்குறேன், இதுக்கு மேல என்னடி எக்சர்சைஸ்" என்று ஏசுகிறார். (தலவாக்கலை)

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்தபோது என் அம்மாதான் கண்ணுக்குள் வந்தார். அம்மா ஏசுவதில் பாதி நியாயம் இருக்கிறது. அவருக்கு மூச்சுக்கும் காலுக்கும் வேலை தாராளமாகக் கிடைக்கிறது. அவரை ட்ரெட்மில்லில் ஏற்றி முக்கால் மணித்தியாலம் நடக்க விடுகிற ட்ரெய்னருக்கு இந்தத் தொழில் என்னவென்றே தெரியாது.

ஆனால் வேலையும் பயிற்சியும் ஒன்றல்ல. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டு முடிந்து இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனால், கயிறு தலையில், பை முதுகில். கொழுந்து சேரச் சேரப் பாரம் தலையைப் பின்னுக்கு இழுக்கும். அதைத் தாங்கக் கழுத்து முன்னுக்குத் தள்ளியபடியே நிற்கும். ரெண்டு கையும் எப்போதும் முன்னால், தோள் உருண்டு, இடுப்பு வளைந்து. ஒரே தசை வருடக்கணக்காக உழைக்கிறது, அதற்கு எதிர்ப்பக்கத்துத் தசைக்கு வேலையே இல்லை. நோவு அதனால்தான் விடாமல் இருக்கிறது.

அம்மாவுக்குப் பொருந்தும் ட்ரெய்னர் அந்த எதிர்ப்பக்கத்தைப் பலப்படுத்துவார். ரப்பர் பட்டியைக் கதவில் கட்டி நெஞ்சை நோக்கி இழுப்பது, சுவரில் முதுகை வைத்து நாடியை (மோவாயை) உள்ளே இழுத்து நிறுத்துவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. கிழமையில் மூன்று நாள், கால் மணித்தியாலம் போதும். அதிகமாகக் கொழுந்து எடுத்த நாளில் "இன்றைக்கு ஓய்வு, அம்மா" என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். லயத்து வீட்டு வாசலிலேயே செய்யலாம், ஜிம் தேவையில்லை. நோவு கைக்கு இறங்கினாலோ, விரல் மரத்துப்போனாலோ, பிடிமானம் குறைந்தாலோ ட்ரெய்னரை விட்டுவிட்டு முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஆண் ட்ரெய்னர் என்றால் வீட்டில் விட மாட்டார்கள். பெண் ட்ரெய்னர் இங்கே இல்லை. (பண்டாரவளை)

பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் இடமா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் தோழியையோ மச்சாளையோ சேர்த்துக்கொண்டு ரெண்டு பேராகப் போங்கள். கட்டணத்தைப் பிரித்துக்கொள்ளலாம், துணையும் ஆகிறது. யாராக இருந்தாலும் திருத்துவதற்காகத் தொடும் முன் கேட்க வேண்டும். பெரும்பாலும் தொடாமலே வாயால் சொல்லியோ தானே செய்து காட்டியோ திருத்தலாம். உங்களுக்கு ஒரு மாதிரியாகப் பட்டால், "நான்தான் தப்பாக நினைக்கிறேனோ" என்று யோசிக்க வேண்டாம். அடுத்த நாள் போகாதீர்கள்.

மகள், எனக்கு வயது 58. சீனியும் பிரஷரும் இருக்கிறது. கிளினிக் போகிறேன். கொழும்பிலிருந்து ஓய்வு பெற்று இங்கே வந்துவிட்டேன். ஜிம் சரிவருமா? (நுவரெலியா)

தாராளமாக, ஐயா. ஆனால் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லி அவருடைய சம்மதத்தோடு தொடங்குங்கள். கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். அதை வாங்கி வாசிக்கிறவர்தான் உங்களுக்கு ஏற்ற ட்ரெய்னர். "மருந்தை நிறுத்துங்கள், நான் சீனியைக் குறைத்துக் காட்டுகிறேன்" என்கிறவரிடம் ஒரு நாள்கூட நிற்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை சீனி மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் பயிற்சியின்போது சீனி மிகவும் இறங்கலாம், பொக்கெட்டில் இனிப்பு வைத்திருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும், ட்ரெய்னர் அதைக் கவனிக்க வேண்டும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடலோரத்தைவிடக் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெல்லியது. கொழும்பில் நடந்த வேகத்தில் இங்கே நடந்தால் முதல் சில கிழமைகள் மூச்சு வாங்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். கிரெகரி வாவிப் பக்கம் விடியற்காலைக் குளிரில் நேரே வேகநடை வேண்டாம், பத்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வீட்டில் மற்றவர்கள் இன்னும் சீனியும் பிரஷரும் பார்க்காமல் இருந்தால், அரச ஆஸ்பத்திரிகளில் உள்ள ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டரில் இலவசமாகப் பார்ப்பார்கள். அவர்களையும் அனுப்பிவையுங்கள்.

எனக்கு 19 வயது, 60 கிலோ. ட்ரெய்னர் பவுடர் ஒன்று வாங்கச் சொல்கிறார். மூன்று மாதத்தில் சைஸ் வர ஊசியும் இருக்கிறதாம். (பதுளை)

தம்பி, நாளைக்கே அந்த ஜிம்மை விட்டு வெளியே வாருங்கள். ஸ்டீரொய்ட் ஊசி உங்கள் உடம்பு தானாகச் சுரக்கும் ஹோர்மோனை நிறுத்திவிடும். விதை சுருங்கும், இதயத்துக்கும் ஈரலுக்கும் கேடு. ஏற்கெனவே போட்டிருந்தால் பயப்படாமல் டொக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பவுடர் விஷமல்ல, ஆனால் தேவையும் இல்லை. பாரம் தூக்கும் 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 95 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம் அளவு இருக்கிறது. அப்புறம் பருப்பு, கடலை, நெத்தலி, கோழி, பால். சம்பலோடு மூன்று ரொட்டியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் பாரம் தூக்கினால் தசை எங்கிருந்து வரும்? ரொட்டியோடு ரெண்டு முட்டையைச் சேர்த்துத் தொடங்குங்கள்.

ஆறு மாதக் காசை ஒன்றாகக் கட்டினால் கழிவு தருகிறார்கள். கட்டலாமா? (நாவலப்பிட்டி)

வேண்டாம். முதல் மாதம் மாதக் காசு மட்டும். கழிவைவிட, பிடிக்காவிட்டால் விலகுகிற சுதந்திரம் பெரிது.

வருகிற சீசனில் சிவனொளிபாதமலை ஏறப் போகிறோம். போன தடவை ஏறிவிட்டேன், இறங்கும்போது முழங்கால் போய்விட்டது. ட்ரெய்னரிடம் என்ன கேட்பது? (மஸ்கெலியா)

எல்லோரும் ஏறுவதற்குத்தான் பயிற்சி எடுக்கிறார்கள். நல்லதண்ணிப் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது நோகிறது மூச்சு, இறங்கும்போது நோகிறது தொடை. இறங்குகையில் தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்க வேண்டும். அது களைத்துவிட்டால் அடி முழுக்க முழங்காலில் விழும்.

ட்ரெய்னரிடம் "எனக்கு இறங்கப் பழக்குங்கள்" என்று கேளுங்கள். முதலில் இப்போது நோவு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, எந்தப் பக்கம் என்று அவர் பார்க்க வேண்டும். பிறகு ஒரு தாழ்ந்த படியில் நின்று, ஒரு காலால் மூன்று எண்ணும்வரை மெதுவாக மற்றக் காலைக் கீழே வைக்கிற பயிற்சி. பத்துப் பத்தாக மூன்று தடவை, கிழமையில் ரெண்டு நாள், கிழமைக்குக் கிழமை படியின் உயரத்தைக் கூட்டிக்கொண்டு. சீசன் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக்கோடு முடியும். ரெண்டு மாதம் முன்னதாகத் தொடங்கினால் நேரம் தாராளம். கைத்தடி ஒன்றும் கொண்டுபோங்கள், இறங்கும்போது அதுதான் மூன்றாவது கால்.