பாய்லரை மாற்றும் முன், அதை ஒன்பது மணிக்கு நிறுத்தப் பாருங்கள்

கேள்வி: பேராக், சுங்கை சிப்புட்டில் நானும் என் கணவரும் சிறிய இடியாப்ப ஆலை நடத்துகிறோம். பத்து பேர் வேலை செய்கிறார்கள். பழைய டீசல் பாய்லர்; மாதம் சுமார் 1,500 லிட்டர் எரிகிறது. அதிகாலை மூன்று மணிக்குப் பற்றவைத்தால் ஒன்பது மணிக்குள் அவித்து முடித்துவிடுவோம். ஆனால் தட்டும் பாத்திரமும் கழுவ வெந்நீர் வேண்டுமே, அதற்காகப் பன்னிரண்டு மணி வரை ஓடும். இப்போது கார்பன் வரி வரப்போகிறது என்கிறார்கள். எங்களைப் போன்ற சிறியவர்கள் மீதும் அது விழுமா? இங்கிலாந்தில் படிக்கும் எங்கள் மகன், அங்கே ஹீட் பம்ப் போட அரசாங்கம் 7,500 பவுண்டு கொடுக்கிறது, நாமும் மின்சாரத்துக்கு மாறிவிடலாம் என்கிறான். என் கணவரோ, செம்பனை ஆலையிலிருந்து கொட்டை ஓடு வாங்கி எரித்தால் மலிவு என்கிறார். நாங்கள் எதைச் செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த வாக்கியம் கார்பன் வரியைப் பற்றியதோ மகனைப் பற்றியதோ அல்ல. "பன்னிரண்டு மணி வரை ஓடும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன்.

கார்பன் வரி, அதாவது வெளிவிடும் கரியமில வாயுவுக்கான வரி, உங்கள் பாய்லரைத் தேடி வரவில்லை. 2024 அக்டோபர் 18 அன்று தாக்கல் செய்த பட்ஜெட்டில், 2026க்குள் இந்த வரியைக் கொண்டுவருவதாக மலேசியப் பிரதமர் அன்வார் அறிவித்தபோது சொன்ன துறைகள் இரண்டு: இரும்பு எஃகு ஒன்று, எரிசக்தி மற்றொன்று. அதற்கொரு பின்னணியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் தன் எல்லைக்குள் வரும் இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்ற சரக்குகளுக்குக் கார்பன் கட்டணம் விதிக்கிறது. உள்நாட்டிலேயே கட்டிய கார்பன் விலையை அதில் கழித்துக்கொள்ளலாம். அங்கே போய்ச் சேரும் பணம் இங்கேயே இருக்கட்டும் என்று எந்த அரசாங்கமும் நினைப்பது இயல்புதான். இடியாப்பம் அந்தப் பட்டியலில் இல்லை.

2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டத்தைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். எரிசக்தி மேலாளர், தணிக்கை என்று அது கேட்பதெல்லாம் ஆண்டுக்கு 21,600 கிகாஜூலும் அதற்கு மேலும் செலவழிக்கும் இடங்களிடம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது; ஆயிரம் மெகாஜூல் ஒரு கிகாஜூல். நீங்கள் ஆண்டுக்கு எரிக்கும் 18,000 லிட்டர், 650 கிகாஜூல் அளவில் வரும். மின்சாரத்தைச் சேர்த்தாலும் அந்த வரம்பு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது.

உங்களை உண்மையில் தொட்ட கொள்கை வேறு. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசலின் பம்ப் விலை 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது, அதன் பிறகு சந்தையோடு ஏறி இறங்குகிறது. சரக்கு லாரிகளுக்குத் தனிச் சலுகை வைத்தார்கள், பாய்லருக்கு இல்லை. கார்பன் வரி என்ற பெயர் இல்லாவிட்டாலும், டீசலைக் குறைக்கச் சொல்லும் அதே வேலையை இந்த விலை செய்துவிட்டது. ஆகவே இனி பேச்செல்லாம் லிட்டரைப் பற்றித்தான்.

சரி, மகன் சொன்ன விஷயம். அவர் சொன்ன தொகை சரியானதே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டின் பழைய கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போடுபவர்களுக்கு 7,500 பவுண்டு மானியம் உண்டு. 2023 அக்டோபரில்தான் அதை இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். ஆனால் அது குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதற்கு. அங்கே தொழிற்சாலைகளுக்கான கார்பன் சந்தை வேறு. 2021 முதல் நடக்கும் அது, எரிப்புக் கருவிகளின் மொத்த அளவு 20 மெகாவாட்டைத் தாண்டும் இடங்களைத்தான் பிடிக்கிறது. உங்களுடையதைப் போன்ற பாய்லர் அதில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டது. அங்கே மின்சாரத்துக்கு மாறுவது என்றால் கரியமில வாயுவைக் குறைப்பது. நம் நிலைமை அப்படியில்லை. உங்கள் ஊரிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் அதே பேராக்கில் மஞ்சோங் நிலையம் நிற்கிறது. 4,100 மெகாவாட், எல்லாம் நிலக்கரி. புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்றும், 2050இல் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும் அரசாங்கம் முடிவெடுத்திருக்கிறது. நல்ல முடிவு, அது நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் இன்றைக்குத் தீபகற்பத்தில் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட்-மணி, மின்சாரத்தின் பின்னால் ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு இருக்கிறது.

இதை உங்கள் ஆலைக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு. அதில் பத்து யூனிட் வெப்பம்; பராமரிப்பில் உள்ள பாய்லர் எட்டு யூனிட்டை ஆவியில் சேர்க்கும். அதாவது ஒரு யூனிட் வெப்பத்துக்கு மூன்றில் ஒரு கிலோ. கம்பி சூடாகித் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் மின்சார பாய்லரில் அதே யூனிட்டுக்கு முக்கால் கிலோ! புகைபோக்கி உங்கள் கூரையில் இருக்காது, மஞ்சோங்கில் இருக்கும், அவ்வளவுதான். பணத்திலும் தோற்கிறது. உங்களுக்கு மாதம் 12,000 யூனிட் வெப்பம் தேவை. யூனிட் 50 சென் என்று வைத்தால் 6,000 ரிங்கிட். டீசல் லிட்டர் 3 ரிங்கிட் என்றால் இப்போது கட்டுவது 4,500. புதிய மின் இணைப்புக்கு ஆகும் செலவு தனி. எனவே மின்சார பாய்லர் வேண்டாம்.

ஆனால் ஹீட் பம்ப் வேறு சாதனம், மகன் அந்த இடத்தில் சரியாகத்தான் நினைத்திருக்கிறார். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறதல்லவா, அதே வேலையைத் திருப்பிப் போட்டு, காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரில் விடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, மூன்றரை யூனிட் வெப்பம் கிடைக்கும். நம் ஊரில் விடியற்காலையில்கூடக் காற்று இருபது டிகிரிக்கு மேல் இருப்பதால், பனியில் உழைக்கும் பிரிட்டிஷ் இயந்திரத்தைவிட நம்முடையது சுலபமாக ஓடும். ஒரு எல்லை உண்டு: சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பவை அறுபது, அறுபத்தைந்து டிகிரி வெந்நீர் தரும், இடியாப்பம் அவிக்கும் ஆவியைத் தராது.

இப்போது அந்தப் பன்னிரண்டு மணிக்கு வருவோம். பாத்திரம் கழுவ உங்களுக்கு வேண்டியது அறுபது டிகிரி தண்ணீர். அதற்காக நூற்றுக்கு மேல் கொதிக்கும் பாய்லரை மூன்று மணி நேரம் தட்டி எழுப்பி வைத்திருக்கிறீர்கள். என் அப்பா தோட்டத்து ஸ்மோக்ஹவுஸில் ரப்பர் ஷீட் காயவைத்தவர். அறுபது டிகிரியைத் தாண்டவிடாமல் இரவெல்லாம் விறகைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பார். சூடு கூடினால் ஷீட்டில் கொப்புளம் வரும், விறகும் வீண். வேலைக்கு எவ்வளவு சூடு வேண்டுமோ அவ்வளவுதான் என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே தெரிந்து வைத்திருந்தார். பிற்காலத்தில் நான் எத்தனையோ ஆலைகளைத் தணிக்கை செய்திருக்கிறேன். அதிகம் பார்த்த தவறு இதுதான்: சின்ன சூட்டுக்குப் பெரிய நெருப்பு.

கணக்கிடுவோம். கழுவ நாளுக்கு 1,500 லிட்டர் வெந்நீர் என்று வைத்துக்கொள்வோம். 28 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற 56 யூனிட் வெப்பம் வேண்டும். பாய்லர் இப்படிச் சும்மா நின்று அவ்வப்போது எரியும் நேரத்தில் அதன் திறன் பாதிக்குப் பாதி விழுந்துவிடும். அப்படியானால் பதினொரு லிட்டர் டீசல், 33 ரிங்கிட். அதே வேலைக்கு ஹீட் பம்புக்கு 16 யூனிட் மின்சாரம், 8 ரிங்கிட். நாளுக்கு 25 ரிங்கிட் மிச்சம், 26 வேலை நாளில் 650. கரியமில வாயுவும் நாளுக்கு 29 கிலோவிலிருந்து 12க்கு இறங்குகிறது, நிலக்கரி மின்சாரத்தோடு சேர்த்தே. விற்பவர் 20,000 ரிங்கிட் கேட்டால் இரண்டரை ஆண்டில் திரும்பிவிடும். 40,000 கேட்டால் யோசியுங்கள். வெப்பக் காப்பு போட்ட பெரிய தொட்டியும் விலையில் சேர்த்தியா என்று கேளுங்கள். அது இருந்தால் சிறிய இயந்திரமே இரவில் மெதுவாக ஓடி, காலைக்குள் தண்ணீரைச் சூடாக்கி வைத்துவிடும்.

அதற்கும் முன்னால் செலவே அதிகமில்லாத வேலைகள் இருக்கின்றன. பாய்லரிலிருந்து அவிக்கும் பெட்டி வரை போகும் குழாயைத் தொடாமல் பாருங்கள். மேலே காப்பு இல்லாமல் இரும்பு தெரிகிறதா? இரண்டங்குலக் குழாய், ஏழு பார் அழுத்தம், பத்து மீட்டர் நீளம் என்றால், பத்து மணி நேரத்தில் நான்கு லிட்டருக்கு மேல் டீசல் காற்றில் போகிறது. ராக்வூல் என்ற கல்நார் அல்லாத கனிமப் பஞ்சைச் சுற்றி மேலே அலுமினியத் தகடு போட்டால் அதில் பெரும்பகுதி நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: பாய்லர் மிகப் பழையது என்றீர்களானால், குழாயில் ஏற்கெனவே இருக்கும் வெள்ளைக் காப்பை நீங்களே பிய்க்காதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தெரிந்தவர்களை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

வால்விலோ இணைப்பிலோ சீறல் சத்தம் கேட்டால் அதை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, அதே ஏழு பாரில், மணிக்கு இரண்டு லிட்டர் டீசலைத் தின்கிறது. உங்கள் ஒன்பது மணி நேரத்துக்குப் பதினெட்டு லிட்டர். இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை.

தண்ணீரையும் கேட்க வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கும் அதை ஒட்டிய பகுதிகளும் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த இடம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே பாய்லருக்கு விட்டால் உள்ளே சுண்ணாம்பு படியும். படிந்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் புகைபோக்கி வழியாகப் போகும். புகைபோக்கியில் ஒரு வெப்பமானி பொருத்தி வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். அது இருபது டிகிரி ஏறினால் எரிபொருளில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு வீண். ஏறிக்கொண்டே போனால் தண்ணீர்ப் பக்கம் சுண்ணாம்போ நெருப்புப் பக்கம் புகைக்கரியோ, இரண்டில் ஒன்று.

அப்புறம், அவிக்கும் பெட்டியிலிருந்து மேலே வெளியேறுகிற ஆவி. அதைக் கூரைக்கு விட்டுவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பாதையில் துருப்பிடிக்காத எஃகுச் சுருள் ஒன்றை வைத்து, பாய்லருக்குப் போகும் தண்ணீரை அதற்குள் ஓடவிட்டால் இலவசச் சூடு. பாய்லருக்குள் போகும் தண்ணீர் ஆறு டிகிரி கூடுதலாக இருந்தால் ஒரு விழுக்காடு எரிபொருள் குறையும். முப்பது டிகிரி ஏற்ற முடிந்தால் ஐந்து விழுக்காடு, மாதம் 75 லிட்டர்.

கணவர் சொன்ன செம்பனைக் கொட்டை ஓட்டை நான் ஒதுக்கிவிடவில்லை. அது நம் மண்ணின் எரிபொருள். செம்பனை ஆலைகள் நாரையும் ஓட்டையும் எரித்துத்தான் தங்கள் ஆவியை எடுக்கின்றன. ஒரு கிலோ ஓட்டில் சுமார் 17 மெகாஜூல், ஒரு லிட்டர் டீசலில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. உங்களுக்கு மாதம் மூன்றரை டன் வேண்டும். ஆனால் ஓட்டு நெருப்பு பொத்தானை அழுத்தினால் அணைவதில்லை. நாள் முழுதும் ஆவி கேட்கும் ஆலைக்கு அது பொருத்தம். ஆறு மணி நேர வேலைக்கு, மூட்டுவதிலும் ஆறவிடுவதிலும் பாதி போய்விடும். சாம்பல், புகை, பக்கத்துக் குடியிருப்பில் (தாமானில்) வசிப்பவர்கள் காயப்போடும் துணி, எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள். விலையும் உங்கள் கையில் இல்லை. ஜப்பானின் மின்நிலையங்கள் நம் நாட்டிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் இதே ஓட்டைக் கப்பல் கப்பலாக வாங்குகின்றன. நாளை நீங்கள் இரண்டு வேளை ஓட்டும் அளவுக்கு வளர்ந்தால் கணவர் சொன்னதை மறுபடி எடுத்துப் பேசலாம்.

பண உதவி பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனைப் போல் கையில் கொடுக்கும் மானியத்தை இதற்கு எதிர்பார்க்காதீர்கள். சிறு, நடுத்தரத் தொழில்கள் கார்பனைக் குறைக்க பேங்க் நெகாரா 2022இல் ஒரு கடன் வசதியை ஏற்படுத்தியது. அதன் பெயர் "லோ கார்பன் டிரான்சிஷன் ஃபெசிலிட்டி". இப்போது அத்தகைய கடன் எந்தப் பெயரில் கிடைக்கிறது என்று உங்கள் வங்கியிலேயே கேளுங்கள். பசுமை முதலீட்டு வரிச் சலுகையும் உண்டு. லாபத்துக்கு வரி கட்டும் சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனமாக இருந்தால் அதில் பயனுண்டு. இயந்திரம் அரசாங்கத்தின் பசுமைப் பொருள் பட்டியலான மைஹிஜாவில் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

இன்று முதல் ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, எத்தனை லிட்டர், எத்தனை கிலோ மாவு. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய நிறுவனங்கள் 2025 முதல் தங்கள் கார்பன் கணக்கை வெளியிட வேண்டியிருக்கிறது. நீங்கள் சரக்கு போடும் பேரங்காடியிலிருந்து ஒருநாள் படிவம் வரும். இப்போதைய கணக்கு ஆண்டுக்கு 48 டன். குறைந்ததைக் காட்ட பழைய எண் கையில் இருக்க வேண்டும்.

இந்த வேலைகளில் எதுவும் பாதுகாப்பு வால்வையோ அழுத்த அமைப்பையோ தொடக்கூடாது. பர்னரை மாற்றுவதாக இருந்தாலும் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபியிடம் கேட்டுவிட்டுத்தான். குழாய்க் காப்பையும் கசிவையும் தனியாக ஆலையை நிறுத்திச் செய்ய வேண்டியதில்லை. அடுத்த பரிசோதனைக்கு எப்படியும் பாய்லரை ஆறவைப்பீர்கள். அந்தத் தேதியைப் பாய்லர்மேனிடம் இன்றே கேட்டு, ராக்வூல் சுற்றுபவரையும் அதே நாளுக்கு வரச் சொல்லிவிடுங்கள்.