உடல்வாகும் விளையாட்டும்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

கேள்வி: நல்ல உயரம் இருந்தால் நீச்சல், ஓட்டம் இரண்டுமே வருமா சார்?

உயரம் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 193 செ.மீ. 1999-ல் ஒரு மைலை 3 நிமிடம் 43.13 விநாடியில் ஓடிய ஹிஷாம் எல் குரூஜ் 176 செ.மீ. முக்கால் சாண் வித்தியாசம். ஆனால் இருவரின் கால் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஃபெல்ப்ஸின் கூடுதல் உயரமெல்லாம் இடுப்புக்கு மேலே. நீண்ட உடம்பு படகு போலத் தண்ணீரில் வழுக்கிப் போகும். ஓடுபவருக்கோ நீண்ட காலும் மெலிந்த கெண்டைக்காலும் வேண்டும். சந்தேகமா? ஒரு கிலோ மணலை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிப் பாருங்கள், பெரிதாகத் தெரியாது. அப்புறம் அதையே பாதிப் பாதியாகக் கணுக்கால்களில் கட்டி ஓடுங்கள். கால் நுனியில் இருக்கும் எடைதான் அதிகம் களைப்பாக்கும் என்று புரியும்.

கேள்வி: கூடைப்பந்து ஆடினால் உயரம் கூடுமா?

கூடாது. உயரமானவர்கள் அந்த ஆட்டத்தில் நிலைக்கிறார்கள்.

கேள்வி: பளு தூக்குபவர்கள் பலர் குள்ளமாக இருப்பது ஏன்?

உடம்பு எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கானால் தசையின் குறுக்குவெட்டு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். வலு குறுக்குவெட்டைப் பொறுத்தது. அதனால் தன் எடைக்கு அதிகம் தூக்குவது சின்ன உடம்புதான். 147 செ.மீ. உயரமுள்ள நைம் சுலைமானோக்லு, 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள்.

கேள்வி: கம்பியில் தொங்கினால் உயரம் வருமா?

வராது. கூடைப்பந்துக்குச் சொன்ன பதில்தான்.

கேள்வி: உடல்வாகு என்பதே சாக்கு. உயரம் தாண்டுதலில் ஸ்டெஃபான் ஹோம் 181 செ.மீ.தானே? 2004 ஏதென்ஸில் தங்கம் வாங்கவில்லையா?

வாங்கினார். 2005-ல் உள்ளரங்கில் 2.40 மீட்டர், அதாவது தன் தலைக்கு மேல் 59 செ.மீ. தாண்டினார். சிறு வயதிலிருந்து பழகியவர். ஆனால் 2007 ஒசாகா உலகப் போட்டியில் என்ன நடந்தது? தாண்ட ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட ஆகாத டொனால்ட் தாமஸ் 2.35 தாண்டித் தங்கம் எடுத்தார். ஹோம் நான்காவது.

மறுகேள்வி: அப்போ ஹோமின் உழைப்பு வீணா?

அப்படிச் சொல்லவே இல்லை. ஒலிம்பிக் தங்கம் ஹோமிடம் இருக்கிறது, தாமஸிடம் இல்லை. உடல்வாகில் இருவரும் ஒரே இடத்திலிருந்து கிளம்பவில்லை என்கிறேன். அது தெரிந்தால்தான் ஹோம் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

கேள்வி: 12 வயது மகனைக் குள்ளம் என்று அணியில் எடுக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த வயதில் ஒருவன் மளமளவென்று வளர்ந்திருப்பான், இன்னொருவனுக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வளர்ச்சி தொடங்கும். இன்றைய உயரத்தை வைத்து ஆளைக் கழிப்பது தவறு. பந்தோடு அவன் பழகிக்கொண்டே இருக்கட்டும்.

கேள்வி: அப்படியானால் மகனுக்கு என்ன கொடுத்தால் உயரம்...

சாப்பாடு, தூக்கம். உயரக் கேள்வி இனி வேண்டாம்.

கேள்வி: மகள் தூர ஓட்டக்காரி, வயது 15. எடை குறைத்தால் வேகம் கூடும் என்கிறார் பயிற்சியாளர்.

குறைக்க விடாதீர்கள்! 1997-ல் அமெரிக்காவில் எடைப் பிரிவுக்காக உடம்பை வற்றவைத்த மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஐந்து வாரத்துக்குள் இறந்துபோனார்கள். ஓடும் பெண்களுக்குச் சாப்பாடு போதாவிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகி விரிசல் விழும். அவளுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.